கொல்லைப்புறத்தை நவீனத் தோட்டமாக மாற்றுதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சில ஆண்டுகளுக்கு முன் சென்னைப் புறநகரில் உள்ள எங்கள் வீட்டின் கொல்லைப்புறத்தை மாற்றி அமைத்தேன். 20 அடி அகலமும் 18 அடி நீளமும் கொண்ட, துவைக்கல்லும் உடைந்த வாளிகளும் மட்டுமே கிடந்த இடம் அது. பார்த்த உறவினர்களும் அக்கம்பக்கத்தாரும் தத்தம் வீட்டுக்கு யோசனை கேட்கத் தொடங்கினர். கேட்டவர்கள் வேறு வேறு என்றாலும் ஐயங்கள் பெரும்பாலும் ஒன்றாகவே இருந்ததால், அவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளை எழுதி விடைகளைக் கீழே தொகுத்திருக்கிறேன்.

‘மாடர்ன் தோட்டம்’ என்றால் என்ன? புல், கூழாங்கல், நாலு வெள்ளைத் தொட்டி வைத்தால் போதாதா?

போதாது. அவையெல்லாம் கடைச்சரக்கு. தோட்டத்தை வீட்டின் இன்னோர் அறையாகக் கருதுவது, பொருள்களின் வகையைக் குறைத்துக்கொள்வது, கோடுகளைத் தெளிவாக வைப்பது ஆகிய மூன்றும்தான் நவீன பாணியின் அடிப்படை. கலிபோர்னியாவில் தாமஸ் சர்ச் 1930-களிலிருந்தே சிறிய வீட்டுத் தோட்டங்களை இந்த எண்ணத்தோடு வடிவமைத்தார். பிரேசிலில் ராபர்ட்டோ பர்லே மார்க்ஸ், அந்நாட்டுச் செல்வர்கள் களை என்று ஒதுக்கிய உள்நாட்டுச் செடிகளைக் கூட்டம் கூட்டமாக நட்டுப் புதிய அழகை உண்டாக்கினார்.

நமக்கு மிக அருகில் இருப்பவர் இலங்கைக் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா. கொழும்பில் நான்கு சிறு வீடுகளை ஒன்றாக இணைத்து அவர் அமைத்துக்கொண்ட இல்லத்தில், ஒரு மரமோ ஒரு தொட்டி நீரோ மட்டும் இருக்கும் குட்டி முற்றங்கள் பல உண்டு. வெயிலும் பருவமழையும் நம்முடையவையே என்பதால், வெளிநாட்டுப் படங்களைவிட அந்த முற்றங்களே நமக்கு நல்ல பாடம். தஞ்சாவூர்ப் பக்கத்து முற்ற வீட்டில் வளர்ந்தவர்களுக்கு அது புதிதாகக்கூடத் தோன்றாது.

எங்கள் கொல்லை சின்னது. துணி காயப்போடவும் மோட்டாருக்குமே இடம் சரியாக இருக்கிறது. இதில் தோட்டம் எங்கே வரும்?

நம் வீடுகளில் கொல்லைப்புறம் என்பது முதலில் வேலை செய்யும் இடம். அதை மறந்து வரைந்த தோட்டம் மூன்றே மாதத்தில் கொடிக்கயிறுகளுக்கு நடுவில் காணாமற்போய்விடும். ஆகவே வேலைக்கான இடத்தை முதலில் ஒதுக்குங்கள். 360 சதுர அடியில் சமையலறைக் கதவை ஒட்டி 7 அடிக்கு 8 அடி போதும். துவைப்பது, மோட்டார், எரிவாயு உருளை, துடைப்பம் எல்லாம் அதற்குள் அடங்கும். எஞ்சிய 300 சதுர அடி ஒரு நல்ல படுக்கையறையைவிடப் பெரியது.

கொடிக்கயிற்றுக்குச் சுவரிலிருந்து இழுத்துக் கட்டி, வேண்டாதபோது சுருட்டிக்கொள்ளும் வகையை வாங்கலாம். வேலை மூலைக்கும் தோட்டத்துக்கும் இடையே ஐந்தடி உயரத்துக்கு மரச்சட்டத் தடுப்பு ஒன்று நிறுத்தினால் கண்ணுக்கு மறையும், காற்றும் தடைப்படாது.

முதலில் எதில் தொடங்குவது? இந்த ஞாயிற்றுக்கிழமை நர்சரிக்குப் போய்ச் செடி வாங்கி வந்துவிடலாமா?

செடி கடைசி. முதல் வேலை அளவெடுப்பது. இரண்டாவது, காலை 8 மணி, நண்பகல், மாலை 4 மணி ஆகிய மூன்று வேளையும் நிழல் எங்கே விழுகிறது என்று தரையில் சுண்ணாம்புக்கட்டியால் கோடு போட்டுப் பார்ப்பது. மூன்றாவது, ஒரு நல்ல மழையில் குடை பிடித்துக்கொண்டு நின்று நீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று கவனிப்பது. மழை இல்லையென்றால் குழாயைத் திறந்துவிட்டுப் பார்க்கலாம்.

காலக்கணக்கும் உண்டு. தரை வேலை, வடிகால் வேலை ஆகியவற்றை ஜனவரி முதல் மே வரையிலான வறண்ட மாதங்களில் முடித்துவிட்டு, ஜூலை முதல் செப்டம்பருக்குள் நட்டால், வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குவதற்குள் வேர் பிடித்துவிடும். சித்திரை, வைகாசி வெயிலில் நட்டுவிட்டு வாளி வாளியாக ஊற்றுவது வீண் உழைப்பு.

எங்களுக்குத் தெற்குப் பார்த்த வாசல். பின்னால் வெயிலே வராது என்கிறார்களே, உண்மையா?

பாதி உண்மை. சென்னை ஏறக்குறைய 13 பாகை வட அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரம் முதல் ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நண்பகல் சூரியன் நம் உச்சிக்குச் சற்று வடக்கே நிற்கும். அதாவது, கடும் வெயில் காலத்தில் உங்கள் வடபுறக் கொல்லை முழு வெயிலில் காயும். டிசம்பரில் நிலைமை தலைகீழ்: 22 அடி உயரமுள்ள மாடி வீட்டின் நிழல் நண்பகலில் வடக்கே சுமார் 16 அடி நீளும். 18 அடி நீளக் கொல்லையில் கடைசி இரண்டு அடிக்குத்தான் அப்போது நேர் வெயில் கிடைக்கும்.

ஆகவே பூச்செடிகளும் எலுமிச்சையும் பின்சுவரை ஒட்டி, அதாவது வீட்டிலிருந்து தொலைவில் வரட்டும். உட்காரும் இடத்தை வீட்டை ஒட்டி வைத்தால் மார்கழியில் குளிரும், மே மாதத்தில் மேலே நிழல் தேவைப்படும். வடக்குப் பார்த்த வாசல் உள்ளவர்கள் இந்தக் கணக்கைத் திருப்பிப் போட்டுக்கொள்ளலாம். அவர்களுடைய கொல்லைக்குக் குளிர்காலம் முழுவதும் வெயில் தாராளமாகக் கிடைக்கும்.

ஒவ்வொரு ஐப்பசியிலும் பின்னால் குளம் கட்டுகிறது. பேசாமல் முழுக்க சிமென்ட் தளம் போட்டுவிடலாமா?

எல்லாரும் கேட்கும் கேள்வி இது. எல்லாரும் செய்யும் தவறும் இதுவே. 360 சதுர அடியில் ஒரு நாளில் 10 செ.மீ. மழை பெய்தால் ஏறத்தாழ 3,300 லிட்டர் நீர் சேரும். மொட்டைமாடி நீரும் பின்பக்கம் இறங்கினால் அது பல மடங்காகும். தளம் போட்டால் அந்த நீர் மறைந்துபோவதில்லை. உங்கள் சமையலறை வாசலுக்கோ பக்கத்து வீட்டுக்கோ போகும். கோடையில் அதே தளம் இரவு ஒன்பது மணி வரை சூட்டை உமிழ்ந்துகொண்டிருக்கும்.

கல் பதிக்கும் பரப்பைப் பாதிக்குள் நிறுத்துங்கள். பதிக்கும் தரைக்கு வாட்டம் முக்கியம்: பத்தடிக்கு ஒன்றேகால் முதல் ஒன்றரை அங்குலம் வரை, வீட்டுச் சுவரிலிருந்து வெளியே சரிய வேண்டும். எங்கள் வீட்டில் முதலில் வந்த கொத்தனார் “கண்ணாலே பார்த்தாலே தெரியும் சார்” என்று சொல்லிவிட்டு, வாட்டத்தைச் சுவரை நோக்கியே வைத்துவிட்டுப் போனார். முதல் மழையில் சமையலறைக்குள் தண்ணீர் வந்த பிறகு இருபது கற்களைப் பெயர்த்து மறுபடி பதித்தோம். டியூப் லெவலில் (மட்டம் பார்க்கும் ஒளி ஊடுருவும் குழாய்) நீர் ஊற்றி, நான்கு மூலையிலும் பென்சில் கோடு போட்ட பிறகே முதல் கல்லை வைக்கச் சொல்லுங்கள்.

வாட்டம் போய் முடியும் இடத்தில் மூன்றடி அகலமும் ஐந்தடி ஆழமும் கொண்ட உறிஞ்சுகுழி ஒன்றை வெட்டி, உடைகல்லும் கூழாங்கல்லும் நிரப்பினால் பெரும்பகுதி நீர் மண்ணுக்குள் இறங்கும். களிமண் நிலத்தில் அதன் நடுவே துளையிட்டு மணல் அடுக்கு வரை குழாய் இறக்க வேண்டும். தமிழ்நாட்டில் 2003 முதல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்புக் கட்டாயம் என்பதால், உங்கள் வீட்டிலும் குழி ஏற்கெனவே இருக்கக்கூடும். அது பெரும்பாலும் தூர்ந்து கிடக்கும்; அதைத் தூர்வாரினாலே பாதி வேலை முடிந்தது.

தரைக்கு எந்தக் கல் நல்லது? கடப்பா கல் மலிவாகக் கிடைக்கிறதே?

கடப்பா கல் அலமாரித் தட்டுக்கும் சமையல் மேடைக்கும் நன்று. திறந்த வெளியில் அதன் கறுப்பு நிறம் வெயிலை உறிஞ்சி, வெறுங்காலோடு மிதிக்க முடியாதபடி கொதிக்கும். மெருகிட்டதாக இருந்தால் மழையில் வழுக்கவும் செய்யும். ஆத்தங்குடிக் கற்களை வெளியில் பதிக்க விரும்புகிறவர்களும் உண்டு. அவற்றின் நிறமும் மினுமினுப்பும் கூரைக்குக் கீழேதான் நிலைக்கும்.

என் தேர்வு, சொரசொரப்பான வெளிர்நிறத் தாண்டூர் கல் அல்லது தீயில் வாட்டிய மேற்பரப்புள்ள சாம்பல்நிறக் கிரானைட். நடமாட மட்டும் என்றால் 60 மி.மீ. பருமனுள்ள சிமென்ட் பேவர் கற்களும் போதும். அவற்றை மணலில் பதிப்பதால் பிறகு பெயர்த்தெடுக்கலாம். எதை எடுத்தாலும் ஒரே வகை, ஒரே நிறம். மூன்று நிறக் கற்களைக் கட்டம் கட்டமாகப் பதித்தால் பேருந்து நிலைய நடைபாதை போலாகிவிடும்.

புல் தரை கட்டாயம் வேண்டும் என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். எந்தப் புல் போடலாம்? செயற்கைப் புல் போடலாமா?

கொரியன் புல் மெத்தென்று அழகாக இருக்கும். ஆனால் நல்ல வெயில் வேண்டும், மெதுவாகத்தான் வளரும், பந்து விளையாடினால் திட்டுத்திட்டாகத் தேய்ந்துவிடும். நிழல் விழும் கொல்லையில் அகல இலைகொண்ட பஃபலோ புல் தாக்குப்பிடிக்கும். முழு வெயிலும் பிள்ளைகளின் ஆட்டமும் உள்ள இடத்தில் நம் அருகம்புல்லுக்கு நிகரில்லை. பின்னால் தானாகவே முளைத்திருப்பதைப் பிடுங்கி எறிந்துவிட்டுக் காசு கொடுத்து வேறு புல் வாங்குவதைத்தான் பெரும்பாலோர் செய்கிறார்கள்.

செயற்கைப் புல்லை நான் பரிந்துரைப்பதில்லை. நம் வெயிலில் நண்பகலில் அதன்மேல் கால் வைக்க முடியாது. மாடித் தாழ்வாரத்துக்கு வேண்டுமானால் சரி.

செடியும் புல்லும் வைத்தால் பாம்பு வரும் என்று மாமியார் பயப்படுகிறார். என்ன சொல்வது?

அவருடைய பயம் நியாயமானது, காரணம்தான் வேறு. பாம்பு செடியைத் தேடி வருவதில்லை. எலியையும் தவளையையும் தேடி வருகிறது, ஒளிந்துகொள்ள இடம் கிடைத்தால் தங்கிவிடுகிறது. செங்கல் குவியல், பழைய விறகு, மூடியில்லாத வடிகால் துளை, தரையோடு படர்ந்து அடர்ந்த புதர் ஆகியவையே அதற்கு வீடு. பழைய கொல்லையைச் சுத்தம் செய்து வெளிப்படையாக அமைப்பதால் அபாயம் குறையத்தான் செய்யும்.

கதவை ஒட்டி மூன்றடிக்குச் செடியே வேண்டாம். புதர்களின் அடிப்பகுதியை ஓரடி உயரத்துக்கு இலை நீக்கித் தண்டு தெரிய வையுங்கள். வடிகால் வாய்களுக்குக் கம்பிவலை போடுங்கள். சிறியாநங்கை வைத்தால் பாம்பு அண்டாது என்பதை நம்பி மற்றவற்றைச் செய்யாமல் விட்டுவிட வேண்டாம். பாம்பைக் கண்டால் தீயணைப்பு நிலையத்துக்கோ வனத்துறைக்கோ சொல்லுங்கள்.

பின்மூலையில் ஒரு பழைய வேப்பமரம். இலை கொட்டிக்கொண்டே இருக்கிறது. வெட்டிவிட்டுத் தொடங்கலாமா?

வெட்டாதீர்கள். புதிதாக நடும் எந்த மரமும் அந்த நிழலைத் தரப் பத்தாண்டுகள் ஆகும். மாசி, பங்குனியில் கொட்டும் இலை தொல்லைதான். அதை ஒரு மூலையில் மட்கவிட்டால் உரமாகும், சித்திரைப் பிறப்புப் பச்சடிக்குப் பூவும் வீட்டிலேயே கிடைக்கும். வடிவமைப்பை மரத்திலிருந்தே தொடங்கி, அதன் நிழல் விழும் இடத்தில் கல் பெஞ்சு ஒன்றைப் போடுங்கள். கிளைகளை மட்டும் ஆள் வைத்துக் கழித்துக்கொள்ளலாம்.

அடிமரத்தைச் சுற்றிச் சிமென்ட் பூசுவதும், அழகுக்கு என்று ஒன்றரை அடி மண்ணைக் குவித்து மேடை கட்டுவதும் மரத்தின் வேரை மூச்சுத் திணறடிக்கும். அடிமரத்திலிருந்து சுற்றிலும் நான்கடி தூரத்துக்கு மண்ணை உள்ளபடியே விட்டுக் கூழாங்கல் மட்டும் பரப்புங்கள்.

எந்தச் செடிகள் நவீனமாக இருக்கும்? பார்த்துக்கொள்ள நேரமும் இல்லை, வீட்டில் கைக்குழந்தையும் இருக்கிறது.

செடியில் நவீனம், பழமை என்று ஏதும் இல்லை. நடும் விதத்தில்தான் இருக்கிறது. பதினைந்து வகையில் ஒவ்வொன்று வாங்குவதற்குப் பதிலாக ஐந்து வகையில் ஐந்தைந்து வாங்குங்கள். பின்சுவர் நெடுக நந்தியாவட்டை ஒரே வரிசை, அதன் முன்னால் குள்ள இட்லிப்பூ, ஒரு மூலையில் பவழமல்லி, நிழல் பகுதியில் பெரணி, வேலை மூலையருகே கறிவேப்பிலையும் எலுமிச்சையும் என்று வைத்தாலே போதும். பவழமல்லிக்குக் கீழே சாம்பல்நிறக் கல் இருந்தால், விடியற்காலையில் வெள்ளையும் ஆரஞ்சுமாகக் கொட்டிக் கிடக்கும் பூக்களுக்கு அதைவிட நல்ல தரை அமையாது. அதைப் பார்த்த பிறகுதான் எங்கள் வீட்டில் பெருக்கும் வேலையை எட்டு மணிக்குத் தள்ளி வைத்தோம்.

குழந்தை இருக்கும் வீட்டில் அரளி வேண்டாம். அதன் எல்லாப் பகுதிகளும் நஞ்சு. நிழலுக்கு என்று நர்சரியில் தரும் டிஃபன்பாக்கியாவின் இலையைக் கடித்தால் வாய் வீங்கும். கள்ளிமந்தாரையின் பால் தோலில் எரிச்சல் தரும் என்பதால் கைக்கு எட்டாத இடத்தில் வைக்கலாம். முருங்கையைச் சிறிய இடத்தில் தவிர்ப்பது நல்லது. கிளை எளிதில் முறியும், கம்பளிப்பூச்சியும் வரும்.

அம்மா துவைக்கல்லை எடுக்க விடமாட்டேன் என்கிறார். மாடர்ன் தோட்டத்தில் அது பொருந்துமா?

நன்றாகவே பொருந்தும். அது தேய்ந்து வழவழப்பான ஒரே துண்டுக் கருங்கல். புதிதாகக் காசு கொடுத்தாலும் கிடைக்காது. அதை வேலை மூலையிலேயே வைத்து, சுற்றிலும் தரைக்குப் போட்ட அதே கல்லைப் பதித்து, பின்னால் உள்ள சுவரைச் சாதாரண வெள்ளையாக விட்டால், நாம் சொன்னால்தான் அது துவைக்கல் என்று வந்தவர்களுக்குத் தெரியும்.

சோப்பு நீரைக் கவனிக்க வேண்டும். அக்காலத்தில் துவைக்கும் நீர் வாழைக்கும் சேம்புக்கும் போனது போல, இன்றும் ஒரு சிறு வாய்க்கால் வழியே கல்வாழைப் பாத்திக்கு விடலாம். சோப்புத்தூளில் உள்ள சோடியம் நாளடைவில் மண்ணை இறுக்கும் என்பதால், ஒரே பாத்திக்கு எப்போதும் விடாமல் இரண்டு பாத்திகளுக்கு மாற்றி மாற்றி விடுங்கள். மழைநீருக்கான உறிஞ்சுகுழிக்குள் இந்த நீர் ஒருபோதும் போகக் கூடாது.

செப்டிக் டேங்க் கொல்லையின் நடுவில் இருக்கிறது. அதன்மேல் கல் பதித்து மறைத்துவிடலாமா?

மேல்தளத்தில் பதிக்கலாம், மூடிகளின்மேல் பதிக்கக் கூடாது. சுத்தம் செய்யும் லாரிக்காரர் வரும் நாளில் கடப்பாரை கொண்டு உடைக்க வேண்டிவரும். உட்குழிந்த சட்டத்தட்டு மூடிகள் கிடைக்கின்றன. அந்தக் குழிவுக்குள் அதே தரைக்கல்லைப் பதித்தால் கோடு மட்டுமே தெரியும், கொக்கி போட்டுத் தூக்கவும் முடியும். லாரியின் குழாய் வந்து சேர ஒரு வழியும் விட்டுவைக்க வேண்டும்.

தொட்டியின்மேல் மரம் நடாதீர்கள். புல்லும் ஆழமில்லா வேருள்ள செடியும் போதும். காற்றுப்போக்குக் குழாயை அழகுக்காக வெட்டிக் குட்டையாக்கிவிட்டு, பிறகு நாற்றம் தாங்கவில்லை என்று என்னிடம் வந்தவர்கள் இருவர்.

பக்கத்து மாடியிலிருந்து எல்லாம் தெரிகிறது. சுவரை உயர்த்தலாமா, தகரம் போடலாமா?

சுவரை உயர்த்தினால் காற்று போகும், நிழல் கூடும், அண்டை வீட்டாரோடு மனத்தாங்கலும் வரும். மேலிருந்து வரும் பார்வையைச் சுவர் தடுக்கவும் செய்யாது. உட்காரும் இடத்துக்கு மட்டும் மேலே இரும்புச் சட்டப் பந்தல் அமைத்து ரங்கூன் மல்லியையோ சங்குப்பூவையோ ஏற்றுங்கள். தூண்களின் அடியைத் தரையோடு புதைக்காமல் நான்கு அங்குலக் கான்கிரீட் மேடைமேல் நிறுத்தினால் துரு பிடிப்பது வெகுவாகக் குறையும். தகரம் போட்டால் அது கூரையாகிவிடும். கட்டடத்தைச் சுற்றித் திறந்துவிட வேண்டிய இடத்தில் கூரை போடுவதற்கு முன் உள்ளாட்சி அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது நல்லது.

இன்னொன்று: மறைப்புக்காக வீட்டுச் சுவரை ஒட்டியே மண் மேடை கட்டிச் செடி வைப்பவர்கள் உண்டு. ஓதம் ஏறி உள்பக்கச் சுண்ணாம்பு உதிரும். மண் மட்டம் எப்போதும் பேஸ்மென்ட்டுக்கு, அதாவது வீடு நிற்கும் மேடையின் மேல்மட்டத்துக்கு, ஆறு அங்குலமாவது கீழே இருக்கட்டும்.

சின்னத் தாமரைத் தொட்டி வைக்க ஆசை. கொசு வராதா?

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு தேங்கிய நல்ல நீரில்தான் முட்டையிடும். முட்டை கொசுவாகப் பறக்க ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாள் போதும். தொட்டியில் நான்கைந்து கப்பி மீன்களை விட்டால் புழுக்களைத் தின்றுவிடும். உண்மையில் மீன் உள்ள தொட்டியைவிட, பூந்தொட்டிகளுக்கு அடியில் வைக்கும் தட்டுகளே ஆபத்து. அவற்றை எடுத்துவிடுங்கள், அல்லது வாரம் ஒரு முறை கவிழ்த்துவிடுங்கள்.

வாஸ்துப்படி ஈசானியத்தில் தண்ணீர், கன்னி மூலையில் பாரம் என்கிறார்கள். அதற்கு ஏற்ப அமைக்க முடியுமா?

முடியும், பெரும்பாலும் இடைஞ்சலும் இல்லை. தென்மேற்கில் மரமும் உயரமான செடியும் இருந்தால் பிற்பகல் வெயில் தடைப்படும். வடகிழக்கு தாழ்வாகவும் திறந்தும் இருந்தால் காலை வெயில் உள்ளே வரும். நம்பிக்கை உள்ளவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் அது ஒரே வரைபடம்தான். வாட்டத்தை ஈசானியம் நோக்கி வைத்தால் வீட்டுக்குள் நீர் வரும் என்னும் நிலையில் மட்டும், மேலே வாட்டத்தைப் பற்றிச் சொன்னதையே பின்பற்றுங்கள்.

எவ்வளவு செலவாகும்? எங்கே குறைக்கலாம்?

கூலியும் கல் விலையும் ஊருக்கு ஊர் மாறுபடுவதால் தொகை சொல்வதில்லை. அளவைச் சொல்கிறேன்: 150 சதுர அடி தரைக்கல், உறிஞ்சுகுழி ஒன்று, 50 சதுர அடிக்கு இரண்டு அங்குலப் பருமனில் பரப்ப எட்டரைக் கன அடிக் கூழாங்கல், இருபத்தைந்து செடி, செம்மண்ணும் மட்கிய தொழுவுரமும். இந்தப் பட்டியலோடு உள்ளூரில் மூவரிடம் விலை கேளுங்கள். வடிகாலிலும் மின்கம்பியிலும் குறைக்காதீர்கள். தோட்டத்து இணைப்புக்கு, மின்கசிவு ஏற்பட்டால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. கட்டாயம். செடியில் தாராளமாகக் குறைக்கலாம்: ஓரடிச் செடி இரண்டே மழைக்காலத்தில் ஆறடிச் செடியை எட்டிப்பிடித்துவிடும்.

மூன்று ஆண்டில் மேலே மாடி கட்டும் எண்ணம் இருக்கிறது. இப்போதே தோட்டம் போடலாமா, காத்திருக்கலாமா?

பாதியைச் செய்யலாம். சாரம் கட்டுவதும் ஜல்லி கொட்டுவதும் கலவை குழைப்பதும் பின்பக்கத்தில்தான் நடக்கும் என்பதால், வீட்டுச் சுவரிலிருந்து எட்டடிக்குள் எதையும் நிரந்தரமாக்க வேண்டாம். உறிஞ்சுகுழியையும் பின்சுவரோரச் செடிகளையும் பவழமல்லியையும் இப்போதே வைத்துவிட்டால், மாடி முடியும்போது அவை வளர்ந்து நிற்கும். நடுவில் அருகம்புல் போதும். நடக்கக் கல் வேண்டுமென்றால், முன்பு சொன்னபடி பேவர் கற்களை மணலில் மட்டும் பதியுங்கள். கொத்தனார் வரும் நாளில் பெயர்த்துப் பின்சுவரருகே அடுக்கிவிடலாம். அந்த அடுக்கை அங்கேயே மாதக்கணக்கில் விட்டுவைத்தால் என்ன குடியேறும் என்பதை மாமியாரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.